ஏறுறது பிரச்சினையில்லை, இறங்கிறதுதான்: சுவிஸ் பனி மலையில கார் ஓடுறது

2025 ஜனவரி 4, இரவு 9.40: கிளிநொச்சித் தம்பி ஒருத்தரின்ர கேள்வி

அண்ணையாக்கள், வாற மாசி 3 ஆம் திகதி சுவிஸ் போறன். அக்கா குடும்பம் சூரிச் பக்கம். 8 ஆம் திகதி சனிக்கிழமையில இருந்து ஒரு கிழமைக்கு அறோசா எண்ட மலை ஊரில வீடு எடுத்திருக்கினம். பிள்ளையள் ஸ்கீ பழகப் போகினம். அத்தானுக்கு முழங்காலில ஒப்பரேசன் செய்து ஆறேல்லை, காரை நீ ஓடு எண்டு சொல்லுறார். நான் பதினொரு வருசமா ஹயஸ் வான் ஓடுறன். நுவரெலியா, பதுளை எல்லாம் ஹயர் போறனான். மாரியில கண்டாவளை, வட்டக்கச்சி ஒழுங்கையளில சேத்துக்குள்ள ஓடினவனுக்குப் பனி பெரிய விசயமே? ரெண்டும் ஒண்டுதானே? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

ஜனவரி 4, இரவு 11.15

ஒண்டில்லை தம்பி. இதை முதல் சொல்லிப்போட்டு மிச்சத்தை நாளைக்கு எழுதிறன்.

சேத்துக்குள்ள பிடி விட்டா வண்டி நிக்கும். சில்லு புதையும், பக்கத்து வீட்டு உழவு மெசினைக் கூப்பிடுவம், கயிறு கட்டி இழுப்பம். ஒரு மணித்தியாலம் மினக்கேடு, அவ்வளவுதான். பனியில பிடி விட்டா வண்டி நிக்காது. நீர் பிறேக்கில ஏறி நிண்டாலும் அது போய்க்கொண்டே இருக்கும். அந்த மலை றோட்டில ஒரு பக்கம் பாறை, மற்றப் பக்கம் பள்ளம்.

நான் 1990 இல இருந்து 2016 வரை சுவிஸில இருந்தனான். முதல் ஏழு வருசம் கிரவுபுண்டன் மாநிலத்தில ஒரு மலை ஹோட்டல் குசினி. பிறகு அதே மலைப் பக்கத்தில மரக்கறியும் பாணும் ஏத்திற சின்ன வான். இப்ப வட்டக்கச்சியில அப்பாவின்ர காணியைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்.

வின்ரர் ரயர் இல்லாத காரில ஏறாதையும். அங்க சட்டமும் அதுதான்.

ஜனவரி 5, காலமை

இரவு சட்டம் எண்டு எழுதினது பிழை. நித்திரைத் தூக்கத்தில ஒஸ்ரியாவையும் சுவிஸையும் குழப்பிப்போட்டன். ஒஸ்ரியாவில நவம்பர் 1 இல இருந்து ஏப்ரல் 15 வரை, றோட்டில பனியோ ஐஸோ இருந்தா வின்ரர் ரயர் கட்டாயம். ஜேர்மனியில திகதி இல்லை, றோட்டின்ர நிலைமையைப் பொறுத்தது. 2024 ஒக்ரோபரில இருந்து மூண்டு சிகர மலைக்குள்ள பனிப்பூ போட்ட அடையாளம் ரயரில இருந்தால்தான் அங்க செல்லும். பிரான்சில மலை மாவட்டங்களில நவம்பர் 1 இல இருந்து மார்ச் 31 வரை வின்ரர் ரயர் அல்லது சில்லில கட்டிற பனிச் சங்கிலி.

சுவிஸில அப்படிப் பொதுவான கட்டாயம் இல்லை. ஆனா சமர் ரயரோட பனியில போய் அடிச்சா, வாகனத்தைக் கட்டுப்பாட்டில வைச்சிருக்கேல்லை எண்டு வழக்கு வரும், இன்சூரன்ஸ்காரரும் கவனயீனம் எண்டு சொல்லிக் குடுத்த காசைத் திருப்பிக் கேக்கலாம். அதால ஒருத்தரும் ரயர் மாத்தாமல் இருக்கிறேல்லை. எங்கட ஆக்கள் சிலர் மட்டும் 'இந்த வருசம் பனி குறைவு' எண்டு சொல்லி ஜனவரி வரைக்கும் இழுப்பினம்.

ஏன் மாத்திறது எண்டும் சொல்லவேணும், ஏனெண்டா இங்க இருந்து போற ஆளுக்கு இது விளங்காது. நாங்கள் ரயரின்ர பூத் தேயுறதை மட்டும்தான் பாக்கிறம். அங்க ரப்பரையே பாக்கவேணும். சுமார் 7 பாகைக்குக் கீழ குளிர் போனா சமர் ரயரின்ர ரப்பர் இறுகிப் பிளாஸ்ரிக் மாதிரி ஆகீடும். வின்ரர் ரயர் அந்தக் குளிரிலயும் மெதுமையா இருக்கும். அதின்ர பூவுக்குள்ள கத்தியால கீறின மாதிரி நூறு நூறு மெல்லிய வெட்டுகள் இருக்கும், அதுதான் பனியைக் கடிச்சுப் பிடிக்கிறது. சட்டத்துக்கு 1.6 மில்லிமீற்றர் பூ காணும். மலைக்குப் போறதெண்டா 4 க்குக் கீழ இருந்தாப் போகாதையும்.

அத்தானை ரயரின்ர பக்கத்தில இருக்கிற நாலு இலக்கத்தைப் பாத்துச் சொல்லச் சொல்லும். 3518 எண்டு இருந்தா 2018 ஆம் ஆண்டு 35 ஆம் கிழமை செய்தது. பூ இருந்தாலும் பழைய ரயர் இறுகிப்போயிருக்கும்.

ஜனவரி 5, பின்னேரம்

அறோசா எண்டு சொன்னீர். அந்த றோட்டை எனக்கு நல்லாத் தெரியும்.

நீர் நுவரெலியா ஓடினவர், அதால உயரத்தை அதோட வைச்சுப் பாரும். நுவரெலியா 1868 மீற்றர், அறோசா சுமார் 1775. உயரம் கிட்டத்தட்ட ஒண்டு. அடிவாரத்துச் சூர் நகரம் 600 மீற்றருக்குக் கொஞ்சம் கீழ. அங்க இருந்து மேல முப்பது கிலோமீற்றர்தான், ஆனா வளைவுகள் 360 எண்டு அந்த ஊர் ஆக்களே சொல்லுவினம். றம்பொடை வளைவுகளை நினைச்சுப் பாரும். அதுக்கு மேல ஒரு சாண் பனியைக் கொட்டி, பின்னேரத்தில அதை இறுக்கி, முன்னுக்கும் பின்னுக்கும் ஸ்கீ கட்டின கார்களை நிரப்பும்.

ஒரு சொல் எங்களை ஏமாத்துது. நாங்கள் மார்கழிப் பனி எண்டு சொல்லுறது விடிய நெல்லிலயும் புல்லிலயும் கிடக்கிற ஈரம். வெயில் வரப் போயிடும். அங்கத்தையான் பனிக்கும் நாங்கள் அதே சொல்லைத்தான் வைச்சிருக்கிறம். ஆனா அது ஒரு பனி இல்லை. புதுசா விழுந்தது மாவு மாதிரி, மைனஸ் 10 இல நடந்தா காலுக்குள்ள கிறீச் எண்டும், ரயர் நல்லாப் பிடிக்கும். வாகனங்கள் ஓடி இறுகினது பளிங்கு மாதிரி மினுங்கும். உருகினது கூழ், சில்லை இழுத்து ஒரு பக்கம் தள்ளும். எல்லாத்திலும் கூடாதது கண்ணுக்குத் தெரியாத ஐஸ். ஈரத் தார் மாதிரித்தான் தெரியும்.

கனக்கக் குளிர்ந்தாத்தான் கனக்க வழுக்கும் எண்டு நானும் முதல் நினைச்சனான். மறுதலை. பூச்சியத்துக்குக் கிட்ட, ஐஸுக்கு மேல மெல்லிசா ஈரம் நிக்கிற நேரம்தான் மோசம். பாலத்துக்கு மேல, காட்டு நிழலுக்குள்ள, பாறையால தண்ணி கசியிற இடத்தில பாத்துப் போகவேணும்.

ஜனவரி 7

புதுக்குடியிருப்பு அண்ணை ஒருத்தர் எனக்குத் தனிய எழுதியிருக்கிறார். நான் சேத்தைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரியில்லையாம். மழைக்குப் பிறகு குளக்கட்டில மெசின் கொண்டு போனா அது நிக்காது, இழுவைப் பெட்டி பின்னால தள்ளத் தள்ளப் பக்கவாட்டில போகும் எண்டு எழுதினவர்.

அவர் சொன்னது சரி. நான் ஒழுங்கைச் சேத்தை மட்டும் நினைச்சுப்போட்டன். ஆழச் சேறு வேற, கடும் தரையில மேலால மட்டும் நனைஞ்ச களி வேற. அந்த ரெண்டாவதுதான் பனிக்குச் சொந்தம். குளக்கட்டில நெல் மூட்டையோட இறங்கின ஆளுக்கு ஒண்டு தெரியும்: பிறேக் போட்டா பெட்டி மெசினை மடக்கும். அதால கட்டின்ர தலைப்பிலயே சின்னக் கியருக்கு மாத்திப்போட்டு, எஞ்சின் பிடிக்கப் பிடிக்க, காலைத் தூக்கி வைச்சுக்கொண்டு இறங்குவம். அந்தக் கால் உமக்கு இருந்தா, தம்பி, பாதி தெரிஞ்ச மாதிரி.

மற்றப் பாதி தூரம். 50 இல வாற கார் காய்ஞ்ச தாரில பிறேக் பிடிச்சா சுமார் 13 மீற்றரில நிக்கும். இறுகின பனியில, நல்ல வின்ரர் ரயரோட, 30 ஐத் தாண்டும். ஐஸில நூறு மீற்றர் போனாலும் ஆச்சரியப்படாதையும். ஏ9 றோட்டில கட்டாக்காலி மாடு குறுக்க வர மிதிக்கிற மிதி இருக்கே, அதை இங்கயே விட்டிட்டுப் போம்.

ஜனவரி 11

இண்டைக்கு மழை, வயலுக்குப் போகேலாது. அதால இதை எழுதிறன். ரெண்டு மூண்டு தரம் எழுதத் தொடங்கி விட்டிட்டன்.

2003 பெப்ரவரி. மனுசியும் மூத்தவனும் காரில. மூத்தவனுக்கு அப்ப நாலு வயசு. பழைய கார், வாங்கி மூண்டு மாசம். வித்தவர் 'நாலு காலத்துக்கும் ஏத்த ரயர்' எண்டு சொல்லித் தந்தவர். நானும் பக்கத்தில எம் பிளஸ் எஸ் (சேறும் பனியும்) எண்ட எழுத்தைப் பாத்திட்டு நம்பீட்டன். அந்த எழுத்துப் போட ஒரு சோதினையும் தேவையில்லை, செய்யிற கொம்பனி தானே போடலாம் எண்டது எனக்குத் தெரியாது. மலையும் பனிப்பூவும் போட்ட அடையாளத்துக்குத்தான் பனியில ஓடிச் சோதினை பாஸ் பண்ணவேணும்.

ஒரு சிநேகிதன் மேல ஒரு ஊரில குசினியில நிண்டவன். ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு அவனட்டைப் போனம். ஏறேக்க நல்ல வெயில், றோட்டில ஈரம் மட்டும்தான். பாத்தியே, ஒண்டுமில்லை எண்டு மனுசிக்குச் சொன்னதும் நினைவிருக்கு. சோறும் ஆட்டிறைச்சிக் கறியும். ஊர்க் கதை கதைச்சு நாலு மணிக்குத்தான் வெளிக்கிட்டம். அப்ப சூரியன் மலைக்குப் பின்னால போயிட்டுது. அங்க பகல் முடியிறதுக்கு முதலே பள்ளத்தாக்கில நிழல் விழுந்திடும். பகல் உருகின தண்ணி எல்லாம் வளைவுகளில இறுகத் தொடங்கியிருந்தது.

காட்டுக்குள்ள வலப்பக்கம் திரும்புற ஒரு வளைவு. முப்பதிலதான் வந்தன். வளைவுக்குள்ள வந்த பிறகு பிறேக்கை மிதிச்சன். பெடல் காலுக்குள்ள கடகடவெண்டு அதிர்ந்தது. சில்லு பூட்டாமல் விட்டு விட்டுப் பிடிக்கிற ஏபிஎஸ் பிறேக் வேலை செய்தா அப்படித்தான் அதிரும், அப்பவும் காலை எடுக்கக்கூடாது. நான் ஏதோ உடைஞ்சு போச்செண்டு பயந்து காலை எடுத்திட்டுத் திரும்ப மிதிச்சன். ஸ்ரியறிங்கை வலத்தால வெட்டினன். கார் நேரவே போகுது. இன்னும் வெட்டினன். இன்னும் நேரவே போகுது.

சத்தமே இல்லை. தாரில சறுக்கினா ரயர் கத்தும், கிரவலில சறுக்கினா கல்லுத் தெறிக்கும். அங்க ஒண்டும் இல்லை. மூத்தவன் பின்னால இருந்து ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவன், அது மட்டும்தான் கேட்டது.

எதிர்ப்பக்கம் போய், றோட்டோரம் வழிச்சுக் குவிச்சிருந்த பனிச் சுவரில முட்டி நிண்டம். அந்தச் சுவர் இல்லையெண்டா நான் இதை எழுதேன். நிமிர்ந்து பாத்தா முன்னால, மலை ஊர்களுக்கு ஓடுற மஞ்சள் போஸ்ற் பஸ். எங்களுக்கும் அதுக்கும் இடையில ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் நிக்கிற இடம். அந்தச் சாரதி வளைவுக்கு முதலே ஹோண் அடிச்சு, நான் வாறதைக் கண்டு, முன்கூட்டியே நிப்பாட்டியிருக்கிறார்.

நரைச்ச மீசைக்காரர். இறங்கி வந்தவர், ஏசேல்லை. முதல் பின்கதவைத் திறந்து பிள்ளையைப் பாத்தவர். பிறகு றோட்டோரத்தில சிறுகல் போட்டு வைச்சிருக்கிற பெட்டி ஒண்டைத் திறந்து, சவளால அள்ளி என்ர நாலு சில்லுக்கும் முன்னால எறிஞ்சவர். அந்தப் பெட்டியள் அங்க வளைவுக்கு வளைவு நிக்கும், ஆரும் எடுத்துப் போடலாம். முதலாம் கியர், நடக்கிற வேகம், பிறேக் வளைவுக்கு முதல், வளைவுக்குள்ள இல்லை. இதைத்தான் சொன்னவர். எனக்கு விளங்கவேணும் எண்டு ரெண்டு தரம் சொன்னவர்.

கீழ வந்து சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல எடுத்தது. மனுசி கீழ வருமட்டும் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. அடுத்த நாள் லீவு போட்டிட்டு ரயர் மாத்தினன்.

ஜனவரி 11, கொஞ்சம் பிறகு

அந்தச் சாரதி சொன்னதை நான் சின்ன வயசிலயே கேட்டிருக்கிறன். அப்பாவின்ர கூட்டாளி ஒருத்தர் பரந்தனில இருந்து லொறி ஓடினவர். கடுகண்ணாவைக்குப் போய் வந்து சொல்லுவார், ஏறின கியரிலதான் இறங்கவேணும் எண்டு. வன்னியில மலை எது? எங்களுக்கு உயரமெண்டா குளக்கட்டுத்தான். அதால அந்தச் சொல்லு காதில விழுந்ததே தவிரக் காலுக்குப் போகேல்லை.

ஓட்டோமற்றிக் கார் எண்டா கியர்ப் பொல்லைக் கையால மாத்திற பக்கத்துக்குத் தள்ளி, ரெண்டிலயோ ஒண்டிலயோ வைச்சு இறங்கும். டி இல விட்டா அது தன்ர எண்ணத்துக்குப் பெரிய கியருக்கு ஓடீடும்.

ஜனவரி 14

பொங்கல் வாழ்த்துகள் எல்லாருக்கும். முற்றத்துப் பானை பொங்கி வழிஞ்சுது, மழையும் விட்டுது.

தன்ர அண்ணா சுவிஸ் மலை ஊருக்குக் கார் ஓடிப் போகலாமோ எண்டு முல்லைத்தீவுத் தங்கச்சி ஒருத்தி கேட்டதுக்குப் பதில்: சேர்மாற், சாஸ் பே, வெங்கன், மூரன் இந்த ஊர்களுக்குள்ள வெளிக் கார் ஒண்டும் போகேலாது. சேர்மாற்றுக்கு எண்டா தேஷ் எண்ட இடத்தில விட்டிட்டு றெயில். உங்கட அண்ணாவுக்கு ஓடுற கவலையே வேண்டாம்.

ஜனவரி 19

போஸ்ற் பஸ்ஸைப் பற்றி விட்டுப்போனது.

மஞ்சள் ஹோண் படம் போட்ட நீலப் பலகை கண்டா அது மலைப் போஸ்ற் றோட்டு. அந்தப் பஸ் தெரியாத வளைவுக்கு முதல் மூண்டு சுரத்தில ஹோண் அடிக்கும், றொசினியின்ர வில்லியம் ரெல் இசையில இருந்து எடுத்த சுரம். கேட்டா அகலமான இடம் பாத்து நில்லும். அந்த றோட்டில பஸ் சாரதி கையால காட்டிறதுக்கு நீர் கட்டுப்படவேணும். பின்னுக்கு எடு எண்டு காட்டினா எடுக்கவேணும்.

இன்னொண்டு. ஒடுக்கமான மலை றோட்டில ரெண்டு கார் சந்திச்சா இறங்கிற கார்தான் முதல் நிக்கவேணும். ஏறுற கார் ஒதுங்கிற இடத்துக்குக் கிட்ட நிண்டா மட்டும் அது பின்னுக்குப் போகும். இங்க ஒடுக்கமான வட்டுவாகல் பாலத்தில ஆர் முதல் லைற் அடிச்சதோ அவர் வருவார், அந்தப் பழக்கம் அங்க சரிவராது.

இதை எழுதேக்கதான் பெரிய விசயம் ஒண்டு நினைவு வந்தது. முதல் நாளே சொல்லியிருக்கவேணும். அங்க வலப்பக்கம் ஓடுறது. ரெண்டு நாள் ஓடினாப் பழகீடும் எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம், மட்டமான றோட்டில பழகியும் போகும். ஆனா பயந்த நேரம் கை பழைய பக்கத்துக்குத்தான் போகும். எதிரில வாகனம் திடீரெண்டு வந்தா பதினொரு வருசம் பழகின உம்மட கை இடப்பக்கம் வெட்டும். அங்க இடப்பக்கம் எண்டா எதிர்வாற வாகனத்துக்கு நேர முன்னுக்கு. பனியில அப்படி ஒருக்கா வெட்டினாத் திருப்பி எடுக்கவும் ஏலாது.

இதை யோசிக்க யோசிக்க எனக்கு மனம் மாறுது தம்பி. இவ்வளவு நாளும் எப்படி ஓடுறது எண்டு எழுதினன். நீர் அறோசாவுக்கு ஓடாமல் விடுறதுதான் நல்லது. போய் ஐஞ்சாம் நாள், புதுப் பக்கம், புதுக் கார், பனி, 360 வளைவு, பின்னுக்கு அக்காவின்ர பிள்ளையள். சூர் வரைக்கும் மோட்டர்வே, அதை ஓடும். காரைச் சூரில விட்டிட்டு றெயிலில ஏறுங்கோ. சிவப்பு றெயில், ஸ்ரேசனுக்கு முன்னால இருந்து வெளிக்கிட்டு ராம் வண்டி மாதிரி நகரத்துத் தெருவுக்குள்ளாலயே போகும். ஒரு மணித்தியாலத்தில மேல. அத்தானின்ர முழங்காலுக்கும் சுகம்.

ஜனவரி 20

தம்பி எழுதியிருக்கிறார்: 'அண்ணை, பயந்து ஓடாமல் விட்டா அங்க என்ன நினைப்பினம்? வன்னிப் பெடியன் எண்டு சொல்லிக்கொண்டு போறன்.'

உம்மட கோவம் விளங்குது. ஆனா ஒண்டு கேளும். 2018 மார்கழி 21 இரவு இரணைமடுக் குளத்தின்ர வான் கதவுகள் திறந்து தண்ணி வரேக்க, இஞ்ச எங்கட ஒழுங்கையில கெட்டிக்காரச் சாரதிமார் என்ன செய்தவை? வண்டியை மேட்டில விட்டிட்டு நடந்து போனவை. தண்ணிக்குக் கீழ றோட்டு இருக்கோ இல்லையோ தெரியாத நேரம் இறங்காதவனை இங்க ஒருத்தரும் பயந்தவன் எண்டு சொன்னதில்லை. மலை ஊர்ச் சனமும் அப்படித்தான். பனி கனக்கக் கொட்டினா அங்க பிறந்தவையே காரை எடுக்காயினம். பனிச்சரிவு அபாயம் கூடினா றோட்டையே பூட்டுவினம். டாவோஸில இருக்கிற பனி ஆராய்ச்சி நிலையம் ஒவ்வொரு நாளும் ஒண்டில இருந்து ஐஞ்சு வரை இலக்கம் போட்டு அறிவிக்கும். 1999 பெப்ரவரியில இப்படி எத்தினையோ பள்ளத்தாக்குகள் வெளித் தொடர்பில்லாமல் கிடந்தது. நான் அப்ப வான் ஓடினனான். பொருள் ஏத்தின வானோட கீழயே நிண்டனான், மேல போகவிடேல்லை.

ஜனவரி 26

தம்பி நேற்று வீட்டை வந்தவர். நல்ல பெடியன். அக்காவோடயும் அத்தானோடயும் கதைச்சவராம். சூரில கார் விடுறது எண்டு கிட்டத்தட்ட முடிவு. ஆனா அத்தான் பனி இல்லாட்டி மேல போவம் எண்டு இன்னும் சொல்லுறாராம். அப்ப சங்கிலி போடவாவது தெரிஞ்சிருக்கவேணும்.

நான் வரேக்க சாமானோட என்ர பனிச் சங்கிலியையும் கொண்டு வந்தனான். எல்லாரும் சிரிச்சவை. 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அதைப் பக்கத்து வீட்டு வானுக்குப் போட்டுத்தான் ஒழுங்கையால மிளகாய் மூட்டை வெளியால கொண்டு வந்தம். மெசினுக்கு இரும்புச் சில்லு எப்படியோ காருக்கு அது அப்படி.

முற்றத்தில என்ர காருக்கு ஆறு தரம் போட்டுக் கழட்டினவர். முதல் தரம் இருபத்தைஞ்சு நிமிசம். சங்கிலியை நிலத்தில விரிச்சு முறுக்கு எடுக்காமல் போட்டுச் சிக்கிப்போச்சு. ஆறாம் தரம் ஒன்பது நிமிசம். பிறகு வாளித் தண்ணிக்குள்ள ஐஸ் போட்டுக் கையை நனைச்சுப்போட்டுச் செய்யச் சொன்னன். அங்க விரல் விறைச்சு, இருட்டில, பின்னால கார் லைற் அடிக்க, நிலத்தில முழந்தாளில நிண்டுதான் போடவேணும். அம்மா திண்ணையில இருந்து பாத்துக்கொண்டு, 'உந்தப் பிள்ளையை ஏன் வதைக்கிறாய்' எண்டு கேட்டவ.

சங்கிலி இழுக்கிற சில்லுகளுக்குத்தான் போடவேணும். முன்னால இழுக்கிற காருக்கு முன்னால. எங்கட ஹயஸ் பின்னால இழுக்கிறது, அதால தம்பி பழக்கத்தில பின் சில்லுக்குப் போனவர். போட்டு நூறு மீற்றர் ஓடி நிப்பாட்டித் திரும்ப இறுக்கவேணும். 50 க்கு மேல போகக்கூடாது. சங்கிலி கட்டின சில்லுப் படம் போட்ட நீல வட்டப் பலகை கண்டா கட்டாயம் போடவேணும். சில இடத்தில நாலு சில்லும் இழுக்கிற காருக்குத் தேவையில்லை எண்டு கீழ எழுதியிருக்கும். அந்தப் பலகைக்குக் கிட்ட அகலமான இடம் விட்டிருப்பினம், அதிலதான் போடவேணும். ஏத்தத்தில சிக்கின பிறகு நடு றோட்டில போடுறது ஆபத்து.

நாலு சில்லும் இழுக்கிற கார் எண்டாப் பயமில்லை எண்டு சொல்லுறவை இருக்கினம். நாலும் இழுக்கிறது ஏறத்தான் உதவும். நிக்கிறதுக்கு எல்லாக் காருக்கும் நாலு ரயர்தான். அந்த நம்பிக்கையில வேகமா வந்து பள்ளத்தில கிடந்த பெரிய பெரிய கார்களை நான் கண்டிருக்கிறன்.

ஜனவரி 30

போக நாலு நாள் இருக்கு, நினைவு வாறதை எழுதிறன்.

லைசன்ஸோட சர்வதேச அனுமதிப் பத்திரமும் எடும். கொழும்பில ஓட்டோமொபைல் அசோசியேசனில குடுப்பினம். அத்தானின்ர இன்சூரன்ஸ் உம்மை ஓட விடுதோ எண்டு அவரைக் கேக்கச் சொல்லும்.

காலமை காரை எடுக்கேக்க கண்ணாடியில மட்டும் ஓட்டை போட்டுப் பாத்துக்கொண்டு போகேலாது, பொலிஸ் பிடிக்கும். கூரைப் பனியையும் தள்ளவேணும், இல்லாட்டி பிறேக் பிடிக்க அது முன் கண்ணாடியில வந்து விழும். எஞ்சினை ஸ்ராட் பண்ணிச் சூடாக விட்டிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போறதும் அங்க குற்றம். கண்ணாடி கழுவுற தண்ணிக்கு உறையாத மருந்து கலக்கவேணும். கனக்கக் குளிர்ந்த இரவில கை பிறேக் உறைஞ்சு பிடிக்கலாம், மட்டமான இடமெண்டா கியரில விட்டா நல்லது. பகலிலயும் லைற் போடவேணும், 2014 இல இருந்து சட்டம். டிக்கிக்குள்ள சவள், போர்வை, தண்ணி, பிள்ளையளுக்குச் சாப்பாடு.

பனி வழிக்கிற வண்டி ஒறேஞ்ச் லைற்றோட முன்னால போனா அதை முந்தாதையும். அதுக்குப் பின்னால போறதுதான் அந்த நேரம் நல்ல றோட்டு. றோட்டோரம் நட்டிருக்கிற உயரமான கம்புகள்தான் கரை. வெள்ளத்தில எங்கட மதகுக்கு ரெண்டு பக்கமும் நிக்கிற வெள்ளைக் கட்டை மாதிரி. அதுக்கு வெளியால தெரியிற மட்டமான பனிக்குக் கீழ வாய்க்காலும் இருக்கலாம், பள்ளமும் இருக்கலாம்.

முறிகண்டியில இறங்கித் தேங்காய் உடைச்சிட்டுப் போம்.

பெப்ரவரி 9

இரவு தம்பியின்ர மெசேஜ். சூர் வரைக்கும் தானே ஓடினவராம், சனிக்கிழமை எண்டதால மோட்டர்வேயில ஒரே நெருக்கம். சூரில மழை, மேல பனி கொட்டுது எண்டு கண்டவுடன அத்தானே காரைத் தரிப்பிடத்தில விடச் சொல்லிட்டார். றெயிலில பிள்ளையள் யன்னலோட ஒட்டிக்கொண்டு வந்தவையாம்.

எனக்கு நெஞ்சு ஆறிச்சு.

பெப்ரவரி 16

தம்பி படம் ஒண்டு அனுப்பியிருக்கிறார். அவை இருந்த வீட்டுக்குக் கீழ ஒல்லாந்தில இருந்து வந்த ஒரு குடும்பம். புதன்கிழமை இரவு முழுக்கப் பனி கொட்டி, அடுத்த நாள் அவை போக வெளிக்கிட, காருக்குச் சங்கிலி பெட்டி உடைக்காமல் கிடந்ததாம். மனுசன் கடதாசியை விரிச்சு வைச்சுப் படிச்சுக்கொண்டு நிண்டவராம். எங்கட ஆள் போய், முன் சில்லு ரெண்டுக்கும் போட்டுக் குடுத்திட்டார். பதினொரு நிமிசம் எண்டு அக்கா நேரம் பாத்தவ. நூறு மீற்றர் கூடப் போய் இறுக்கியும் குடுத்தவராம். அந்த மனுசன் பிள்ளையளுக்குப் பெரிய சொக்கிலேற் பெட்டி குடுத்திட்டுப் போனவராம்.

படத்தில தம்பியின்ர ரெண்டு கையும் செத்தல் மிளகாய்ச் சிவப்பு. கையுறை போடேல்லையோ எண்டு கேட்டன். கம்பளிக் கையுறையோட கொளுவி பிடிபடேல்லை அண்ணை, கழட்டிப்போட்டன் எண்டவர். அது என்ர பிழை. வாளியில ஐஸ் போட்டுப் பழக்கத் தெரிஞ்ச எனக்கு, பாத்திரம் கழுவுற மெல்லிய ரப்பர்க் கையுறை ஒரு சோடி சங்கிலிப் பெட்டிக்குள்ளயே வைக்கவேணும் எண்டு சொல்ல மறந்துபோச்சு. நான் இருபது வருசம் அதைத்தான் வைச்சிருந்தனான். இனிப் போறவை அதையும் வைச்சுக்கொள்ளுங்கோ.